ரத்தக்காட்டேரியா, ஓநாயா, சைபோர்க்கா? இளையோர் காதல் தொடர்களில் எதைத் தொடங்குவது

இரண்டு கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆங்கில நாவல் படிக்கப் பழகும் கல்லூரி மாணவர்கள், "அமானுஷ்யக் காதல் கதையில் ஆரம்பிக்கட்டுமா, அறிவியல் புனைகதைக் காதலில் ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். பெற்றோர்களின் கேள்வி வேறு: "மகளுக்குப் பதிமூன்று வயது, ட்வைலைட் வேண்டும் என்கிறாள், வாங்கிக் கொடுக்கலாமா?" இந்த வகை நாவல்களை நான் ஆசையாகப் படிப்பவள். இவற்றைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நல்ல ஒரு இளையோர் காதல் நாவல், முதல் காதலின் பயத்தையும் பிடிவாதத்தையும் பெரியவர்களுக்கான பல நாவல்களைவிட நேர்மையாகச் சொல்லிவிடும். அதனால்தான் எதை எடுப்பது என்பதையும் அக்கறையோடு பார்க்க வேண்டும் என்கிறேன்.

2005 முதல் 2015 வரையிலான பத்தாண்டில் ஆங்கிலத்தில் இந்த வகை அலை அலையாக வந்தது. அதிலிருந்து ஐந்து தொடர்களை எடுத்துக்கொள்கிறேன். அமானுஷ்யப் பக்கத்தில் ஸ்டெஃபனி மேயரின் ட்வைலைட், மேகி ஸ்டீஃப்வாட்டரின் ஷிவர். அறிவியல் பக்கத்தில் மரிஸ்ஸா மேயரின் சிண்டர், ஏமி காஃப்மனும் மேகன் ஸ்பூனரும் சேர்ந்து எழுதிய தீஸ் புரோக்கன் ஸ்டார்ஸ், லாரன் ஆலிவரின் டெலிரியம். இரண்டு மேயர்களும் வேறு வேறு ஆட்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

## எதை வைத்து அளப்பது

முதலில், காதலர்களுக்கு நடுவே நிற்கும் தடை. இந்த வகைக் கதையில் இயற்கைக்கு மீறிய ஏதோ ஒன்று இருவரையும் பிரிக்கும். அந்தத் தடை நிஜமாகவே வலிக்கிறதா, அதைத் தாண்ட அவர்கள் எதையாவது இழக்கிறார்களா, இல்லை ஆசிரியர் கடைசியில் சத்தமில்லாமல் அதை எடுத்துவிடுகிறாரா? எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். தடைக்கு விலை இல்லாத கதையில் காட்டேரியின் பல்லும் விண்கலமும் வெறும் அலங்காரம்தான்.

இரண்டாவது, கதாநாயகிக்குக் காதலைத் தவிர வேறு வாழ்க்கை இருக்கிறதா? ஒரு வேலை, ஒரு திறமை, ஒரு கோபம், ஏதாவது. மூன்றாவது, காதலன் அவளை நடத்தும் விதம். அவளைக் கேட்டுச் செய்கிறானா, அவளுக்காகத் தானே முடிவெடுக்கிறானா? நான்காவது, எத்தனை பாகம், முதல் பாகத்தோடு நிறுத்த முடியுமா? கடைசியாக, ஆங்கிலம் எவ்வளவு எளிது, எந்த வயதுக்குப் பொருந்தும்?

தொடருக்குள் போகும் முன் ஒரு பொது வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். அமானுஷ்யக் காதலில் தடை பெரும்பாலும் காதலனின் உடம்பிலேயே இருக்கும். அவன் காட்டேரி, அவன் ஓநாய். அதனால் கதை இரண்டு பேருக்குள் சுருங்கி, ஒரு அறைக்குள், ஒரு பார்வைக்குள் வந்துவிடும். அந்த நெருக்கம்தான் அதன் பலம். அறிவியல் காதலில் தடை வெளியே இருக்கும்: சட்டம், கொள்ளைநோய், போர், ஆளில்லாத ஒரு கிரகம். காதலர்கள் சேர வேண்டுமென்றால் உலகத்தில் ஏதாவது ஒன்று மாறியாக வேண்டும். கதை விரியும், ஆனால் இருவரும் ஒன்றாக இருக்கும் பக்கங்கள் குறையும். உங்களுக்கு எது வேண்டும் என்று யோசித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

## ட்வைலைட்

வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து, ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற ஊருக்கு அப்பாவோடு வாழ வருகிறாள் பெல்லா. வாஷிங்டன் மாநிலத்தில் நிஜமாகவே இருக்கும் ஊர் அது. அவள் காதலிக்கும் காட்டேரி எட்வர்டின் குடும்பம் அங்கே வாழக் காரணமும் அந்த மேகமூட்டம்தான், வெயில் பட்டால் அவர்களுடைய தோல் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். எட்வர்ட் 1918-இல் சிகாகோவில் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது காட்டேரியாக மாற்றப்பட்டவன். வயது பதினேழிலேயே நின்றுவிட்டது.

இந்த நாவலின் ஈர்ப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒருவனுக்கு அவள்மேல் இருக்கும் ஆசையும் அவளைக் கொன்றுவிடும் வேட்கையும் ஒரே பசியாக இருக்கிறது என்ற கற்பனை அபாரமானது. முதல் பாகத்தில் அந்தத் தடை ஒவ்வொரு பக்கத்திலும் உணரக் கிடைக்கிறது. ஒரு முத்தத்துக்கே அவன் மூச்சை அடக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் பாகமான நியூ மூனில் எட்வர்ட் விட்டுப் போனதும், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள் வரும். பெல்லாவிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்பதைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மூன்றாவது அளவுகோலில் இந்தத் தொடர் பலமாக அடிவாங்குகிறது. அவளுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் எட்வர்ட். அது தெரிந்ததும் அவளுக்கு முதலில் வரும் கவலை, தூக்கத்தில் தான் என்ன உளறினேன் என்பதுதான். மூன்றாம் பாகத்தில், ஓநாயாக மாறக்கூடிய நண்பன் ஜேக்கபை அவள் பார்க்கப் போகக் கூடாது என்பதற்காக அவளுடைய வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். பிறகு தன் தங்கை ஆலிஸுக்கு ஒரு போர்ஷே காரை லஞ்சமாகக் கொடுத்து, பெல்லாவை வீட்டிலேயே பிடித்து வைக்கச் சொல்கிறான். இதையெல்லாம் கதை காதலாகவே காட்டுகிறது. பதினெட்டு வயது வாசகருக்கு இது தானாகவே உறுத்தும். பதிமூன்று வயதில், பக்கத்தில் பேச ஆள் இல்லாமல் படித்தால், இப்படித்தான் காதல் இருக்கும் என்று மனதில் பதிந்துவிடலாம்.

முதல் அளவுகோலிலும் நான்காம் பாகத்தில் சறுக்கல். காட்டேரியானால் குடும்பத்தை இழக்க வேண்டும், பல வருடம் ரத்த வெறியோடு போராட வேண்டும், குழந்தை கிடையாது என்று மூன்று பாகமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் பெல்லா எதையுமே இழக்காமல் எல்லாவற்றையும் பெறுகிறாள். சந்தோஷமான முடிவின்மேல் எனக்குக் குறை இல்லை. விலை கொடுக்கத் தயாராக இருந்தவளிடம் விலையே வாங்காமல் விட்டதுதான் குறை.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் முதலில் நீளம். நான்கு தடித்த பாகங்கள், அப்புறம் அதே கதையை ஆண் பெண் மாற்றி எழுதிய 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு, எட்வர்ட் சொல்லும் 2020-ஆம் ஆண்டு மிட்நைட் சன். பிடித்துப்போனால் அத்தனையும் வாங்க வைக்கும். இரண்டாவது, நான்காம் பாகத்தில் வரும் கர்ப்பமும் பிரசவமும் ரத்தக்களரியாக எழுதப்பட்டவை. முதல் பாகத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு முழு செட்டையும் வாங்கித் தரும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, இது பலருக்கும் தெரிவதில்லை. ஜேக்கபின் மக்களான குவிலியூட் பழங்குடியினர் நிஜமானவர்கள். ஃபோர்க்ஸுக்குப் பக்கத்தில் லா புஷ் என்ற கடற்கரையில் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதராக மாற்றப்பட்டவர்கள் என்ற ஆதிக்கதை அவர்களுக்கு உண்டு. காட்டேரிகளோடு சண்டை போடும் ஓநாய் வீரர்கள் நாவலாசிரியரின் கற்பனை. சிறிய ஒரு சமூகத்தின் நிஜப் பெயரை எடுத்து, அவர்கள் சொல்லாத கதையை அவர்கள் தலையில் கட்டியது எனக்கு இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எப்போது இதுவே சரியான தேர்வு? ஆங்கில வாசிப்பில் வேகம் வரவேண்டும், அகராதி பார்க்காமல் ராத்திரி முழுக்க ஓட வேண்டும் என்றால் இதற்கு இணை குறைவு. வாக்கியங்கள் எளிமையானவை, தன்னிலையில் சொல்லப்படுபவை. முதல் பாகம் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளவும் முடியும்.

## ஷிவர்

ஓநாய்க் கதைகள் எத்தனையோ உண்டு. பௌர்ணமி நிலவைத் தூக்கிப் போட்டுவிட்டு, மனிதனை ஓநாயாக மாற்றுவது குளிர்தான் என்று வைத்ததில்தான் ஷிவர் தனித்து நிற்கிறது. மினசோட்டாவில், மெர்சி ஃபால்ஸ் என்ற கற்பனை ஊர். சிறுமியாக இருந்தபோது கிரேஸை வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓநாய்கள் இழுத்துப் போகின்றன. மஞ்சள் கண் கொண்ட ஒரு ஓநாய் அவளைக் காப்பாற்றுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அவள் அந்த ஓநாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோடையில் அவன் சாம், ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கும் பையன்.

தடைக்கு விலை உண்டா என்ற கேள்விக்கு இந்த ஐந்தில் ஷிவர்தான் மிகச் சிறந்த பதில். ஒவ்வொரு வருடமும் மனிதனாக இருக்கும் நாட்கள் குறைந்துகொண்டே போகும். ஒரு வருடம் வசந்தம் வந்தும் அவன் மனிதனாகத் திரும்ப மாட்டான். சாமுக்கு இதுவே கடைசி வருடம். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் அன்றைய வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கும். கதையில் என்ன நடந்தாலும் கண் முதலில் அந்த எண்ணுக்குத்தான் போகும். நம்மூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: அது ஃபாரன்ஹீட் கணக்கு. அதில் 32 டிகிரி என்றால் தண்ணீர் உறையும் குளிர். நாம் பழகிய கணக்கில் 32 என்றால் வியர்க்கும். இதைக் கவனிக்காமல் படித்தால் நாவலின் பாதி பதற்றம் கைநழுவிப் போய்விடும்.

சாம் நடந்துகொள்ளும் விதமும் பிடிக்கும். கூச்சமானவன், ஜெர்மன் கவிஞர் ரில்கேயைப் படிப்பவன், தனக்குள் பாட்டு கட்டிக்கொண்டே இருப்பவன். கிரேஸை எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை. கிரேஸும் காரியக்காரி, கவனிப்பில்லாத பெற்றோரோடு தன் சமையலைத் தானே பார்த்துக்கொண்டு வளர்ந்தவள். எட்வர்ட் பெல்லாவைத் தாங்குகிறான் என்றால், இங்கே கிரேஸ்தான் சாமைத் தாங்குகிறாள்.

குறை என்னவென்றால் நிதானம். முதல் பாகத்தில் பெரும்பகுதி இரண்டு பேர் குளிரிலிருந்து தப்பிக்க அறையிலும் காரிலும் கடையிலும் ஒன்றாக இருப்பதுதான். எனக்கு அது வரம். விறுவிறுப்பு வேண்டுபவர்கள் ஐம்பதாவது பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள். இரண்டாம் பாகத்தில் கோல், இசபெல் என்ற இருவரும் கதை சொல்லச் சேர்கிறார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவு எல்லா முடிச்சையும் அவிழ்ப்பதில்லை. மறைந்திருக்கும் செலவு இதுதான்: முதல் பாகம் கொடுத்த நிறைவைக் கலைத்துவிட்டுத்தான் அடுத்த இரண்டும் நகர்கின்றன. வயது விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாமின் பெற்றோர் அவனுடைய மாற்றத்தைக் கண்டு அஞ்சி, சிறு வயதில் அவனைக் கொல்லப் பார்த்த சம்பவம் வருகிறது. மணிக்கட்டில் தழும்போடும், குளியல் தொட்டியைக் கண்டாலே நடுக்கத்தோடும் வாழ்கிறான். உடலுறவு விவரமாக இல்லை, ஆனால் குறிப்பாக உண்டு. பதினாறுக்கு மேல் என்றால் தயங்காமல் கொடுக்கலாம்.

## சிண்டர்

கணுக்காலில் துருப்பிடித்த திருகாணியைக் கழற்றப் போராடும் ஒரு பெண்ணோடு இந்த நாவல் தொடங்குகிறது. நியூ பெய்ஜிங் சந்தையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் சிண்டர், பாதி மனிதி பாதி இயந்திரம். சிறு வயதுக்குப் பொருத்திய உலோகப் பாதம் அவள் வளர்ந்த பிறகும் மாற்றப்படவில்லை, அவ்வளவு சிறியது. சிண்ட்ரெல்லாவின் செருப்பு இங்கே ஒரு பாதமாக மாறியிருக்கிறது. அந்த ஒரே காட்சியில் வறுமை, சித்தியின் அலட்சியம், சட்டத்தில் அவளுக்கு இருக்கும் கீழ்நிலை எல்லாம் வந்துவிடுகின்றன. இந்த உலகத்தில் சைபோர்க் என்பவர் காப்பாளரின் உடைமை. கொள்ளைநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க அவர்களைத்தான் குலுக்கல் முறையில் பிடித்துப் போகிறார்கள்.

இரண்டாவது அளவுகோலில் சிண்டரை அடிக்க ஆளில்லை. இளவரசன் காய் அவளிடம் வருவதே ஆண்ட்ராய்டு என்ற ஒரு ரோபோவைப் பழுது பார்க்கத்தான், ஊரிலேயே சிறந்த மெக்கானிக் என்று கேள்விப்பட்டு. அவளுடைய கைவேலைக்குக் கிடைத்த மரியாதையிலிருந்துதான் காதல் தொடங்குகிறது. காயும் நல்லவன், ஆனால் அவன் தலையில் ஒரு நாடே இருக்கிறது. நிலவை ஆளும் ராணி லெவானாவை மணந்தால் போரைத் தவிர்க்கலாம். மனம் விரும்பியபடி நடந்தால் மக்கள் சாவார்கள். தடை நிஜமானது, விலையும் நிஜமானது.

இதற்கும் மறைந்த செலவு உண்டு, பலர் அதில்தான் ஏமாறுகிறார்கள். முதல் பாகம் நட்ட நடுவில் அறுந்து நிற்கும். அடுத்த பாகத்தைத் திறந்தால் ஃபிரான்ஸில் ஸ்கார்லெட் என்று வேறொரு பெண், வேறொரு காதல். மூன்றாவதில் க்ரெஸ், நான்காவதில் விண்டர். சிண்டரும் காயும் நடுப் பாகங்களில் பெரும்பாலும் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். கடைசிப் பாகம் மட்டும் 800 பக்கங்களைத் தாண்டும். ஒரு ஜோடியோடு ஒட்டிக்கொண்டு படிக்க விரும்புபவர்களுக்கு இது பொறுமைச் சோதனை. கூட்டமாக நண்பர்கள் சேர்ந்து ஒரு பெரிய காரியம் செய்வதை ரசிப்பவர்களுக்கு விருந்து. நான் இரண்டாவது கட்சி. இன்னொரு குறை, நியூ பெய்ஜிங் என்று பெயர் வைத்தாரே தவிர, அங்கே ஆசிய வாழ்க்கையின் மணம் ரொம்பக் குறைவு.

மொழி எளிது, படர்க்கையில் போகும், முத்தத்தைத் தாண்டி எதுவும் இல்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு என்று கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

## தீஸ் புரோக்கன் ஸ்டார்ஸ்

இகாரஸ் என்ற மாபெரும் சொகுசு விண்கலம் விழுந்து நொறுங்குகிறது. பிழைத்தவர்கள் இருவர். பிரபஞ்சத்தின் பெரும் பணக்காரரின் மகள் லைலாக், சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த போர்வீரன் டார்வர். மனிதர் வாழத் தகுந்ததாக மாற்றப்பட்ட கிரகம், ஆனால் மனிதர் ஒருவரும் இல்லை. விருந்துக்குப் போட்ட உடையோடு லைலாக் காட்டில் நடக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் குரல்களும் கேட்கத் தொடங்குகின்றன.

அறிவியல் பக்கத்திலும் அமானுஷ்யத்தின் நெருக்கம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இது பாலம். நாவல் முழுக்க இரண்டே பேர், மாறி மாறிச் சொல்கிறார்கள். அத்தியாயங்களுக்கு நடுவே டார்வரை யாரோ விசாரிக்கும் உரையாடல் வரும். அதனால் அவன் உயிரோடு இருப்பது தெரியும், அவன் எதையோ மறைக்கிறான் என்பதும் தெரியும். அந்த மறைப்புதான் கடைசிவரை இழுத்துப் போகிறது. லைலாக் முதலில் திமிர் பிடித்தவளாகத் தெரிவாள். ஆனால் தப்பிக்கும் கலத்தின் கம்பிகளைச் சுரண்டி இணைத்து அதைப் பிரித்தெடுப்பவள் அவள்தான். அப்பாவுக்குப் பிடிக்காது என்று இதுவரை மறைத்து வைத்திருந்த திறமை அது. தடைக்குக் கொடுக்கும் விலையை விவரமாகச் சொன்னால் கதை கெட்டுவிடும். கனமான விலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்று பாகங்கள், ஒவ்வொன்றிலும் வேறு ஜோடி. முதல் கதை முழுமையாக முடிந்துவிடுவதால் தாராளமாக நிறுத்தலாம். பதினைந்துக்கு மேல் படிக்கலாம்.

## டெலிரியம்

காதல் ஒரு நோய், பதினெட்டு வயதில் அறுவை சிகிச்சை செய்து அதைக் குணமாக்கிவிடுகிறார்கள். இந்த ஒற்றைக் கற்பனைக்காகவே எடுத்துப் படிக்கலாம். லீனா அந்தச் சிகிச்சைக்கு நாள் எண்ணிக் காத்திருக்கும் பெண். அவளே ஆசையாகக் காத்திருக்கிறாள் என்பதுதான் கதையின் பலம். ஐந்தில் இதன் மொழிதான் மிகவும் கவித்துவமானது, அதனால் ஆங்கிலம் கொஞ்சம் கைவந்த பிறகு படிப்பது நல்லது. மூன்றாம் பாகத்தின் முடிவு பலரைக் கோபப்படுத்தியது. எனக்கும் அது முடிவாகத் தெரியவில்லை, நிறுத்தமாகத்தான் தெரிந்தது.

## ஒரே பார்வையில்

வயது என்பது என் சொந்தக் கணிப்பு.

| தொடர் | பாகங்கள் | தடை | முதல் பாகத்தோடு நிறுத்தலாமா | வயது |
|---|---|---|---|---|
| ட்வைலைட் | 4 (2005–2008) | அவனுடைய ரத்தப் பசி | நிறுத்தலாம் | முதல் பாகம் 14+, நான்காவது 16+ |
| ஷிவர் | 3 (2009–2011) | குளிர், குறையும் நாட்கள் | நிறுத்தலாம், அதுவே நல்லது | 16+ |
| சிண்டர் | 4 (2012–2015) | சட்டம், கொள்ளைநோய், போர் | முடியாது | 12+ |
| தீஸ் புரோக்கன் ஸ்டார்ஸ் | 3 (2013–2015) | வர்க்கம், ஆளில்லாக் கிரகம் | நிறுத்தலாம் | 15+ |
| டெலிரியம் | 3 (2011–2013) | காதலைத் தடைசெய்யும் அரசு | கடினம் | 14+ |

## யாருக்கு எது

பதிமூன்று வயது மகள் ட்வைலைட் கேட்கிறாள் என்றால், மறுக்காதீர்கள். மறுத்தால் தோழியிடம் வாங்கிப் படிப்பாள், பேச வாய்ப்பு மட்டும் போய்விடும். சிண்டரை முதலில் கொடுங்கள். ஒரு வருடம் கழித்து ட்வைலைட் முதல் பாகத்தைக் கொடுத்து நீங்களும் படியுங்கள். எட்வர்ட் ஜன்னல் வழியாக வந்த விஷயத்தைக் காய் சிண்டரின் கடைக்கு வந்ததோடு ஒப்பிட்டு அவளே பேசத் தொடங்குவாள்.

கல்லூரி மாணவர், ஆங்கிலம் சரளமாக வேண்டும், நேரமும் இருக்கிறது என்றால் ட்வைலைட்டில் தொடங்கி ஷிவருக்கு வாருங்கள். இரண்டும் மனிதனாக இல்லாத ஒருவனைக் காதலிக்கும் கதைதான். ஆனால் ஒன்று எதையும் இழக்காத ஆசையைச் சொல்கிறது, மற்றது ஒவ்வொரு டிகிரிக்கும் பயப்படும் அன்பைச் சொல்கிறது. அடுத்தடுத்துப் படிக்கும்போது உங்கள் ரசனை எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

காதல் கதை எனக்கு ஒத்துவராது, ஆனால் நண்பர்கள் படிக்கச் சொல்கிறார்கள் என்பவர்களுக்கும் சிண்டர்தான். காதலை எடுத்துவிட்டாலும் அங்கே அரசியலும் புரட்சியும் மிச்சம் இருக்கும். ட்வைலைட்டில் காதலை எடுத்தால் மழைதான் மிச்சம்.

கையில் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது, தொடரில் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை என்றால் தீஸ் புரோக்கன் ஸ்டார்ஸ் அல்லது ஷிவர் முதல் பாகம். பழைய புத்தகக் கடையில் தேடுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே தொடர்கள் பெரும்பாலும் ஒன்றாம் பாகமும் மூன்றாம் பாகமுமாகத்தான் அகப்படும். சிண்டர் வாங்குவதென்றால் நான்கும் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு முதல் பாகத்துக்குப் பணம் கொடுங்கள். லெவானாவின் முன்கதையான ஃபேரஸ்ட் என்ற மெல்லிய புத்தகமும் உண்டு. அது 2015-இல் விண்டருக்குச் சில மாதங்கள் முன்னால் வந்தது. அதை முதலில் படித்துவிடாதீர்கள், க்ரெஸ் முடித்த பிறகு படித்தால்தான் லெவானாவின் முகத்திரைக்குப் பின்னால் இருப்பது என்ன என்ற ரகசியம் சரியான இடத்தில் உடையும்.